கல்யாண ஆல்பத்தில் ஒளிந்திருக்கும் கொட்டகை: வடஆற்காட்டின் பழைய தியேட்டர்களைப் போட்டோக்கள் வழியே ஆவணப்படுத்துவது எப்படி

வேலூர்ப் பக்கம் பழைய தியேட்டர்களின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, "உங்ககிட்ட அந்த தியேட்டர் போட்டோ இருக்கா?" என்பதுதான். பெரும்பாலும் "இல்லீங்களே" என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை. ஒரு ரோல் ஃபிலிமில் பன்னிரண்டு போட்டோ எடுக்கலாம். ஃபிலிம் விலை, கழுவும் கூலி, பிரிண்ட் செலவு என்று கணக்குப் பார்த்த காலத்தில், தினமும் கண்ணில் படும் ஒரு கட்டடத்துக்காக அதில் ஒன்றைச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்?

ஆனாலும் தியேட்டர்கள் போட்டோவில் இருக்கின்றன. மாப்பிள்ளை அழைப்புக் காருக்குப் பின்னால், கட்சி ஊர்வலத்துக்குப் பக்கவாட்டில், கட்அவுட்டுக்கு மாலை போடும் மன்றத்துப் பையன்களின் தலைக்கு மேலே இருக்கின்றன. அதனால் தியேட்டர் போட்டோவைக் கேட்காதீர்கள். தியேட்டர் இருந்த தெருவில் நடந்த நல்லது கெட்டதுகளின் போட்டோவைக் கேளுங்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் கிடைத்ததை வைத்து என்ன செய்வது என்பதைப் பற்றியது.

வேலை ஏன் அவசரம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப் படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். அந்தப் படத்தின் பிரதி இன்று கிடையாது. படத்துக்கே அந்த நிலை என்றால், அதற்குப் பிறகு வந்த படங்களை ஓட்டிய கொட்டகைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லையைச் சுருக்குங்கள்

'வடஆற்காடு முழுவதும்' என்று ஆரம்பித்தால் வேலை முடியாது. பழைய வடஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போயின. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜாபேட்டை, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். குடியாத்தமும் காட்பாடியும் வேலூரிலேயே இருக்கின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் கோப்பு தேடும்போது எந்த ஆபீஸ் படியேறுவது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் இருந்த, இருக்கிற எல்லாத் தியேட்டர்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். வேலூரில் 'ராஜா தியேட்டர்' ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர், 'நேஷனல்' ஒரு சந்திப்பின் பெயர். கொட்டகையின் பெயர் தெருவுக்கு ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே ஸ்டாப் பெயர்களையும் ஆட்டோக்காரர்கள் சொல்லும் அடையாளங்களையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பழைய நாளிதழ்களில் படம் வெளியான அன்றைய விளம்பரத்தைப் பாருங்கள். எந்த ஊரில் எந்தத் தியேட்டர் என்று ஊர்வாரியாகப் போட்டிருப்பார்கள். கை மாறும்போது தியேட்டரின் பெயரும் மாறுவது சகஜம். ஒரே கட்டடத்தை இரண்டு தியேட்டராக எண்ணிவிடாமல் இருக்க, பட்டியலில் 'முந்தைய பெயர்', 'பிந்தைய பெயர்' என்று இரண்டு கட்டங்கள் வைத்துவிடுங்கள்.

டூரிங் டாக்கீஸ்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அவற்றின் லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் முடிந்தால் கீற்றையும் கம்பத்தையும் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கட்டடச் சுவடே இருக்காது என்பதால் அவற்றுக்கு ஒரு மங்கலான போட்டோ கிடைத்தாலும் லாபம்தான்.

யார் வீட்டில் இருக்கும்

தியேட்டர் முதலாளி வீட்டில் திறப்புவிழா ஆல்பம் இருக்க வாய்ப்பு உண்டு. போய்ப் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். திறப்புவிழா போட்டோவில் பிரமுகர்களின் முகமும் ரோஜா மாலையும்தான் நிறைந்திருக்கும். நூறாவது நாள் கேடயங்களை அலமாரியில் வைத்திருப்பார்கள். அவற்றைக் கட்டாயம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பெயர், தியேட்டரின் பெயர், பல நேரம் தேதியும் அதில் பொறித்திருக்கும்.

என் அனுபவத்தில் அதிகம் தருபவை ரசிகர் மன்றத்தாரின் வீடுகள். எம்.ஜி.ஆர். மன்றமோ சிவாஜி மன்றமோ, படம் வெளியான அன்று தியேட்டர் வாசலில் நின்று குரூப் போட்டோ எடுக்காத மன்றம் அபூர்வம். கட்அவுட் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்டோகிராபர் நன்றாகப் பின்னால் தள்ளி நின்று எடுத்திருப்பார். அந்தப் புண்ணியத்தில் தியேட்டரின் முகப்பு, டிக்கெட் கவுன்டர் சந்து, சைக்கிள் ஸ்டாண்டு, எதிர்க்கடை எல்லாமே உள்ளே வந்திருக்கும்.

அப்புறம் படம் ஓட்டிய ஆபரேட்டர், கேட் கீப்பர், கேன்டீன் எடுத்தவர், பேனர் வரைந்தவர், தட்டி கட்டி ஊர் சுற்றியவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போங்கள். ஆபரேட்டர் வீட்டில் மட்டும்தான் ஆபரேட்டர் ரூமின் போட்டோ இருக்கும். முதலாளிகள் அந்த அறையைப் படமெடுக்க வைத்ததே இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். தியேட்டருக்கு நாலு தெரு சுற்றளவில் உள்ள கல்யாண ஆல்பங்களையும் விடாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உருது பேசும் குடும்பங்களின் ஆல்பங்களைத் தமிழ் ஆர்வலர்கள் பெரும்பாலும் தேடுவதே இல்லை. போட்டோவின் பின்னால் உருதுவில் எழுதியிருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். சித்தூர் எல்லைப் பக்கம் போனால் அதே தேவை தெலுங்குக்கும் வரும்.

ஊர் ஸ்டுடியோக்கள் பெரிய புதையலாக இருந்திருக்க வேண்டியவை. ஆனால் பலர் நெகட்டிவ்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். இன்னும் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தால், பெட்டியை மொத்தமாக எடுத்துப்போகக் கேட்காதீர்கள். அவருடைய கடையிலேயே உட்கார்ந்து பார்ப்பதுதான் மரியாதை. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த நெகட்டிவ்கள் சிதையத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அவற்றைத் தனியாகப் பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

போட்டோ கைக்கு வந்ததும் திருப்புங்கள். ஸ்டுடியோ முத்திரை, பேனாக் கிறுக்கல், பேப்பர் கம்பெனியின் பெயர், கோந்துக் கறை எல்லாமே சாட்சிகள். முத்திரையில் 'வேலூர் – 632 001' என்றிருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, ஏனென்றால் பின்கோடு வந்ததே அப்போதுதான். 'வ.ஆ. மாவட்டம்' என்றிருந்தால் பெரும்பாலும் 1989க்கு முந்தையது. 'சென்னை மாநிலம்' என்று அச்சிட்ட காகிதம் கூடவே கிடைத்தால் அது 1969 ஜனவரிக்கு முந்தையதாக இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. பின்பக்கம் சொல்வது பிரிண்ட் போட்ட காலத்தைத்தானே தவிர, போட்டோ எடுத்த காலத்தை அல்ல. 1960இல் எடுத்த நெகட்டிவுக்கு 1980இல் பிரிண்ட் போட்டிருக்கலாம். பழைய போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்துப் பிரதி செய்வதும் ஊர் ஸ்டுடியோக்களில் வழக்கம்தான். விளிம்பில் பழைய போட்டோவின் மடிப்போ ஆணித் துளையோ படமாகவே பதிந்திருந்தால் கையில் இருப்பது பிரதி.

எந்த வருஷம் என்று கணிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு தடயத்திடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது "இதற்கு முன் இருக்க முடியாது" என்கிறதா, "இதற்குப் பின் இருக்க முடியாது" என்கிறதா? அநேகமாக எல்லாத் தடயமும் முதல் வகைதான்.

சுவரொட்டியைப் பார்த்து வருஷம் சொல்வது எல்லாருக்கும் பிடித்த விளையாட்டு. வாசலில் 'உலகம் சுற்றும் வாலிபன்' பேனர் இருக்கிறது, படம் வெளியானது 1973 மே 11, ஆகவே போட்டோ 1973 என்று முடித்துவிடுவார்கள். ஆனால் எம்.ஜி.ஆர். படங்கள் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓடின. சின்ன ஊர்களுக்கு ஒரு படம் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். ஆகவே அந்த பேனர் சொல்வது '1973 மே 11க்கு முன் இல்லை' என்பதை மட்டும்தான். 'நூறாவது நாள்' என்று பட்டை ஒட்டியிருந்தால் கதை வேறு. அப்போது கணக்குப் போடலாம்.

எழுத்து இன்னொரு நல்ல சாட்சி. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன் லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. தியேட்டரில் இந்த எழுத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. 'மாலைக் காட்சி', 'நாளை முதல்', 'இடைவேளை' என்று போர்டெல்லாம் அவைதான். புது எழுத்து இருந்தால் 1978க்குப் பிறகு என்று ஓரளவு நம்பலாம். பழைய எழுத்து இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். பெயின்டர்களின் கை அத்தனை சீக்கிரம் மாறவில்லை, பழைய போர்டை அழித்து எழுத முதலாளிகளும் காசு செலவழிக்கவில்லை.

கட்டணப் பலகை தெரிந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில், அல்லது அதையொட்டி. தரை, பெஞ்ச், சேர், சோபா என்று எத்தனை வகுப்பு இருந்தன என்பதும் அதே பலகையிலேயே கிடைத்துவிடும்.

தெருவையும் பாருங்கள். வண்டியின் நம்பர் பிளேட்டில் 'டிஎன் 23' என்றிருந்தால் 1989 ஜூலைக்குப் பிறகு. பஸ்ஸின் நெற்றியில் 'பட்டுக்கோட்டை அழகிரி' என்ற பெயர் இருந்தால் 1980களின் தொடக்கத்துக்கும் 1997க்கும் நடுவில். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் 1997இல் மற்றவற்றோடு எடுக்கப்பட்டது. வீட்டு மாடிகளில் டிவி ஆன்டெனா முளைத்திருந்தால் 1975 ஆகஸ்டுக்குப் பிறகு. சென்னைத் தொலைக்காட்சி அப்போதுதான் ஒளிபரப்பைத் தொடங்கியது.

நோட்டீஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் வருஷம் இருக்காது, தேதியும் கிழமையும் இருக்கும். அதுவே போதும். 'மே 11 வெள்ளிக்கிழமை முதல்' என்றிருந்தால், 1960க்கும் 1980க்கும் நடுவில் 1962, 1973, 1979 ஆகிய மூன்று வருஷங்களில்தான் மே 11 வெள்ளிக்கிழமையில் வந்தது. படத்தின் பெயரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு போட்டோவை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். ராத்திரி நேர மாப்பிள்ளை அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ சுற்றிய கார், பெட்ரோமாக்ஸ் தூக்கியவர்கள், பின்னால் சீரியல் லைட் போட்ட தியேட்டர். முத்திரையில் பின்கோடு இருக்கிறது, ஆகவே பிரிண்ட் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. மேலே சொன்ன அதே பேனர் தெரிகிறது, ஆகவே போட்டோ 1973 மே 11க்குப் பிறகு. 'மாலைக் காட்சி'யில் பழைய லை இருக்கிறது, அதனால் 1978க்கு முன்பாக இருக்கலாம், நிச்சயமில்லை. ஆராய்ச்சி இந்த இடத்தில் திணறி நிற்கும். ஆனால் காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் கல்யாணத் தேதி அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பத்திரிகையையே பீரோவிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். 1976 ஆவணி மாதம் முகூர்த்தம் என்று அதில் இருந்தால், தியேட்டருக்கும் அதே தேதிதான். பேனரில் இருந்த படம் மறு ஓட்டம் என்பதும் கூடவே தெரிந்துவிடும். தியேட்டரை நேராக எடுத்த போட்டோவில் இந்த வசதி கிடையாது.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது

கடைகள் மாறும், தெரு அகலமாகும், தியேட்டரே கல்யாண மண்டபமாகிவிடும். வேலூரில் மாறாதது மலை. ஊருக்குக் கிழக்கே கோட்டைச் சுவர்களோடு நிற்கும் மலைகளின் விளிம்பு போட்டோவில் தெரிந்தால், அந்த வளைவை ஒரு கண்ணாடித் தாளில் பென்சிலால் வரைந்துகொண்டு, சந்தேகப்படும் தெருவில் நின்று ஒப்பிடுங்கள். முன்னால் இருக்கும் மேடு பின்னால் இருக்கும் மேட்டை எங்கே மறைக்கிறது என்று பார்த்து, நாலு அடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்தால் போட்டோகிராபர் நின்ற இடத்துக்கே வந்துவிடலாம். அங்கிருந்து இன்றைய காட்சியையும் ஒன்று எடுத்து வையுங்கள். மலை தெரியாவிட்டால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரமோ லாங் பஜார் மணிக்கூண்டோ தெரிகிறதா என்று தேடுங்கள்.

கட்டடத்தின் பின்சுவரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆபரேட்டர் ரூமிலிருந்து அரங்கத்தைப் பார்க்கும் சுவரில் சின்னச் சதுரத் துளைகள் இருக்கும். படம் காட்டும் ஒரு மிஷினுக்கு (புரொஜெக்டருக்கு) இரண்டு துளை. ஒன்று வெளிச்சம் போக, மற்றது ஆபரேட்டர் பார்க்க. நாலு துளை இருந்தால் இரட்டை மிஷின் கொட்டகை. ரீல் மாற்றும்போது படம் நிற்காது. இரண்டே துளை என்றால் ஒற்றை மிஷின் கொட்டகை. அங்கே ரீலுக்கு ரீல் இடைவேளைதான். அரங்கத்தின் உள்பக்க போட்டோ ஒன்று கிடைத்தால் முதலில் இந்தத் துளைகளை எண்ணுங்கள்.

ஸ்கேன்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிளாட்பெட் ஸ்கேனரில் சாதாரண பிரிண்டுக்கு 600 டிபிஐ, தீப்பெட்டி அளவுச் சின்னப் பிரிண்டுக்கு 1200, நெகட்டிவுக்கு 2400க்கு மேல். கறுப்பு வெள்ளைப் போட்டோவையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறையும் மஞ்சளும் கூடத் தகவல்தான். டிஃப் கோப்பாகச் சேமித்து, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் போடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிப்போன ஃப்ரேம் போட்டோவைப் பிய்க்கவே கூடாது, போட்டோவின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு, நிழலான தாழ்வாரத்தில் வைத்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுங்கள். பிரதிபலிப்பு அடங்கிவிடும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் கீறலைச் சரிசெய்து அழகாக்குவதாக இருந்தால் அது தனிப் பிரதியில் இருக்கட்டும். மொபைல் ஆப்பில் கலர் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது இல்லாத சுவருக்கு ஒரு நிறத்தைக் கற்பித்துவிடுகிறது.

பேச்சையும் பதிவு செய்யுங்கள்

போட்டோவைக் காட்டாமல் "பழைய கதை சொல்லுங்க ஐயா" என்றால் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: டிக்கெட் விலை, மணல் குவித்து உட்கார்ந்தது, கூட்டத்தில் சட்டை கிழிந்தது. போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மடியில் வையுங்கள். விரல் தானாக ஒரு மூலைக்குப் போகும். "இந்தக் கதவு பொம்பளைங்க கவுன்டரு" என்று ஆரம்பிப்பார்கள். வயதான பெண்களிடம் கட்டாயம் பேசுங்கள். தரை டிக்கெட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவர் எவ்வளவு உயரம், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், செகண்ட் ஷோவுக்கு யார் யார் வீட்டில் விடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பழைய ஆபரேட்டரிடம், மிஷினின் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தைக் கேளுங்கள். எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை குச்சியைத் தள்ள வேண்டும் என்பதைக் கையாலேயே நடித்துக் காட்டுவார். வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களோடு சேர்த்துப் பார்ப்பது

1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி தியேட்டருக்குக் கலெக்டர் ஆபீஸில் சி ஃபார்ம் லைசென்ஸ் வாங்க வேண்டும். கட்டட வரைபடமும் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பு கிடைத்தால் கட்டடத்தின் முழு ஜாதகமும் கையில் வந்த மாதிரி. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் நேரில் கேட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 'அனைத்துத் தியேட்டர்கள் பற்றிய தகவல்' என்று கேட்டால் பதில் வராது. தியேட்டரின் பெயர், தெரு, உத்தேச ஆண்டு எல்லாம் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆரணி, ஆம்பூர் மாதிரி ஊர்களுக்குப் பழைய மாவட்டத் தலைமையிடத்திலும் புது மாவட்டத்திலும் இரண்டு மனு போடுவதுதான் புத்திசாலித்தனம்.

சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் போக வேண்டிய இடங்கள். இரண்டாவதில் பழைய சினிமாப் பத்திரிகைகளும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. ஊரில் போட்டோ திரட்டிய பிறகு போங்கள். கேள்வி இல்லாமல் போனால் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்புவீர்கள்.

உரிமை

ஒருவர் காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். வெளியானதிலிருந்து அறுபது வருஷம் என்று முன்பு இருந்த காப்புரிமை, 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு அறுபது வருஷமும் என்று ஆனது. வீட்டு ஆல்பம் விஷயத்தில் சட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டாரிடம் எழுதி வாங்குங்கள். முகங்கள் தெரியலாமா, வெட்டிப் போட வேண்டுமா, பெயர் போடலாமா என்று மூன்று கேள்விகள் போதும். கல்யாணப் பெண்ணின் முகம் பொதுவில் வருவதை விரும்பாத வீடுகள் உண்டு. பின்னணித் தியேட்டரை மட்டும் வெட்டிப் போட்டால் உங்கள் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. அசலை வாங்கிப் போனால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுங்கள், கூடவே ஒரு புதுப் பிரிண்டும் கொடுங்கள். அடுத்த வீட்டுக் கதவு அதனால்தான் திறக்கும்.

குறிப்பு எழுதுவதும் சேமிப்பதும்

ஒவ்வொரு போட்டோவுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணே கோப்பின் பெயர். மற்றதெல்லாம் ஒரு எக்செல் தாளில்: யார் வீட்டிலிருந்து வந்தது, அளவு, பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ன தெரிகிறது, எந்த ஆண்டு, எதை வைத்து அந்த ஆண்டு. கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'ஆண்டு 1976' என்று மட்டும் எழுதாதீர்கள். '1976, வீட்டார் காட்டிய கல்யாணப் பத்திரிகைப்படி' என்று எழுதுங்கள். ஊகமாக இருந்தால் '1973க்கும் 1978க்கும் இடையில் இருக்கலாம், பேனரையும் எழுத்தையும் வைத்து' என்று எழுதுங்கள்.

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வேறு வீட்டில் வையுங்கள். பாலாற்றில் வெள்ளம் வருவதே அபூர்வம் என்று சிரிப்பவர்களுக்கு, கரையான் எல்லா வருஷமும் வரும் என்று சொல்லுங்கள். ஓரளவு சேர்ந்ததும் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ பிரிண்ட் போட்டு மாட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெள்ளைத்தாளும், நூலில் கட்டிய பென்சிலும் இருக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் திருத்துவார்கள்: "இது கிழக்கு வாசல் இல்ல, மேக்கால வாசல்." யாராவது அப்படித் திருத்தினால் பழைய குறிப்பை அழிக்காதீர்கள். அதன் கீழேயே புதியதை எழுதி, எந்தத் தேதியில் யார் சொன்னது என்று குறித்து வையுங்கள். அடுத்த வாரம் இன்னொருவர் வந்து, முதலில் எழுதியிருந்ததுதான் சரி என்று சொல்லக்கூடும்.